தூரமும் நேரமும்: மதுரை – சென்னை ஆகாய வழியைப் பற்றிய ஒரு கணக்கு

அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர், தம் தகப்பனாரின் பதினாறாம் நாட் கருமாதி முடிந்து வகுப்புக்குத் திரும்பிய அன்று மாலை, ஒரு தாளுடன் என் அறை வாயிலில் வந்து நின்றார். தாளில் ஒரு சிறு கணக்கு இருந்தது. 418-ஐ 800-ஆல் வகுத்து, 60-ஆற் பெருக்கி, 31 நிமிஷம் என்று விடை எழுதியிருந்தார். "ஐயா, இதில் எங்கே பிழை?" என்று கேட்டார். பார்த்தேன், வகுத்தலிலும் பெருக்கலிலும் பிழை யாதும் இல்லை. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அன்று அவருக்குச் சொல்லியதையே, அவர் இசைவு பெற்று, இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை பின்னிரவில் அவருடைய தகப்பனார் காலமானார். மூத்த மகன் சென்னையையடுத்த அம்பத்தூரில் வேலையிலிருந்தார். மனைவியும் எட்டு வயதுப் பெண் குழந்தையும் உடனிருந்தனர். நாலு மணிக்குச் செய்தி போயிற்று. இரவு ரயில்களெல்லாம் போய்விட்ட வேளையாதலால், காலை விமானத்தில் குடும்பத்தோடு வருவதாக அவர் தெரிவித்தார். பொழுது விடிந்தால் வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு இராகு காலம் தொடங்கிப் பன்னிரண்டுக்கே முடியும். பத்தரைக்கு முன்னரே எடுத்துவிடுவதா, பிற்பகலில் எடுப்பதா என்று ஊர்ப் பெரியவர்கள் அப்பொழுதே முடிவு செய்து சுற்றத்தார்க்கெல்லாம் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. அம்பலகாரர் இளைய மகனை அழைத்து, "தம்பி, நீதான் பெரிய படிப்புப் படிக்கிறாய், அண்ணன் எத்தனை மணிக்கு வாசலில் வந்து நிற்பான்? கணக்குப் பார்த்துச் சொல்லப்பா" என்றார்.

அவர் கணக்குப் பார்த்தார். அண்ணன் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார். மீனம்பாக்கம் சேர ஒரு மணி. பறக்க அரை மணி. மதுரை விமான நிலையத்திலிருந்து ஊர் வர ஒரு மணி. இடையில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு மணி. எட்டரைக்கு வந்துவிடுவார் என்றார். பெரியவர்கள் பத்து மணி என்று குறித்தனர். பத்தேகாலுக்குப் பாடை எழுந்தது. அண்ணன் ஊரெல்லையை அடைந்தபொழுது மணி பத்து முப்பத்தைந்து. அவர் நேரே சுடுகாட்டுக்குச் சென்று, பிரயாண உடையோடே கொள்ளி வைத்தார். பெண்டிர் சுடுகாட்டுக்குச் செல்வது அவ்வூர் வழக்கமன்று. ஆகவே, பாட்டனார் மடியில் வளர்ந்த அச்சிறுமி அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. மாணவர் இதனைச் சொல்லும்போது என் முகத்தைப் பாராமல் கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிற்க. முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஏனெனில் அவர் கணக்கில் ஐயமற்ற பகுதி அஃது ஒன்றே. மதுரை விமான நிலையம் வட அட்சரேகை 9 பாகை 50 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 5½ கலையிலும் இருக்கின்றது. சென்னை விமான நிலையம் 12 பாகை 59½ கலையிலும், 80 பாகை 10 கலையிலும் இருக்கின்றது. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம் என்பதை மாணவர் அறிவர். ஆகவே வடக்கு நோக்கிய வேற்றுமை 189½ கடல் மைல். கிழக்கு நோக்கிய வேற்றுமை 124½ கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவன ஆதலின், இடை அட்சரேகையின் கோசைனால், அதாவது 0.98-ஆல், அதனைப் பெருக்க வேண்டும். 122 கடல் மைல் கிடைக்கும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பைத்தகோரஸ் விதிப்படி கர்ணத்தைக் கண்டால் 225.4 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டராதலின், ஏறத்தாழ 417½ கிலோமீட்டர். பழைய கணக்கில் 260 மைலுக்குச் சிறிது குறைவு. இத்துணைச் சிறு தூரத்துக்குப் பூமியின் உருண்டை வடிவைக் கருதாமல் இவ்வாறு கணக்கிடுவதால் நேரும் பிழை மிக அற்பம். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ இவ்வாறு கணக்கிடலாகாது. அங்கே கோள முக்கோண கணிதமே வேண்டும்.

இந்த எண்ணைக் காண விமானம் ஒன்றும் வேண்டியதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விமானங்கள் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, 1802-இல், இன்றைய சென்னை விமான நிலையத்தை அடுத்த பரங்கிமலைச் சமவெளியில், வில்லியம் லாம்டன் என்பார் எஃகுச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை ஐம்பத்தேழு நாள் அளந்தார். இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே தொடக்கம். அவ்வடிக்கோட்டின் மேல் முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தென்கோடி வரையில் அளந்து சென்றார்கள். உயரமான இடம் கிடைக்காத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே அவர்கட்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றுகையில், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. லாம்டன் மனந்தளராது ஆறு வாரம் தனித்திருந்து அதனைத் தாமே செப்பனிட்டார். நம் மொழியில் கோயிற் சிகரத்துக்கும் ஆகாய ஊர்திக்கும் ஒரே பெயர் வழங்குவதை எண்ணும்போது, இந்நாட்டில் ஆகாய வழியின் தூரம் முதன்முதல் அளக்கப்பட்டது ஒரு விமானத்தின் மேலிருந்துதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தூரம் பூமியின் பொருள். ஒரு முறை அளந்தால் தீர்ந்தது. நேரம் அவ்வாறன்று. மாணவர் 418-ஐ 800-ஆல் வகுத்தபோது, விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கும் இடத்திலேயே மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்துடன் பிறந்து, மதுரையில் அதே வேகத்துடன் வந்து சட்டென்று நின்றது என்று தம்மையறியாமலே கொண்டுவிட்டார். முதல் வகுப்பிலேயே வேகவளர்ச்சி என்பதைப் படித்தவர் அவர். ஆயினும் துயர வேளையில் அது நினைவுக்கு வரவில்லை; யாருக்குத்தான் வரும்?

உண்மையில் 800 என்பது ஜெட் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேலே, மெல்லிய காற்றில், சமமாகப் பறக்கும்போது அடையும் வேகம். அவ்வுயரத்தை எட்டவே இருபது நிமிஷம் ஆகும். பதினாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு, அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு, மேல் வேகம் கொள்ள விதி இடங்கொடாது. இறங்குவதற்கு விமானிகள் ஒரு வாய்பாடு வைத்திருக்கின்றனர்: ஆயிரம் அடி உயரத்துக்கு மூன்று கடல் மைல் என்பது அது. முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்க வேண்டுமாயின் 90 கடல் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 167 கிலோமீட்டருக்கு, முன்னரே இறங்கத் தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் விமானம் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தை அடையும்போதே மதுரைக்கு இறங்கத் தொடங்கிவிடும் என்க. ஏறுவதற்கு ஒரு பங்கும் இறங்குவதற்கு ஒரு பங்கும் போனால், 418 கிலோமீட்டரில் முழு வேகத்தோடு செல்லும் பகுதி மிகச் சிறிதே எஞ்சும். இவ்வழியில் விசிறி பூட்டிய சிறு விமானங்களும் செல்வதுண்டு. அவற்றின் வேகமோ மணிக்கு 500 கிலோமீட்டரளவே.

அன்றியும், விமானம் நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் வருவதில்லை. ஆகாயத்திலும் வழிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவ்வழிகளில் வளைந்தே வர வேண்டும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக, 2,285 மீட்டர் நீளமாகக் கிடக்கின்றது. வடகிழக்கிலிருந்து வரும் விமானம் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக நின்று, பின்னரே இறங்குதல் கூடும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். போகும்போது எதிர்த்த காற்று வரும்போது துணை செய்யுமாதலால் இரண்டும் சரியாய்ப் போகும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் விமானம் காற்றில்லாத நாளில் 418 கிலோமீட்டர் போய் வர, ஏறுதல் இறங்குதலை விட்டுக் கணக்கிட்டால், 100.3 நிமிஷம் ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று நேராக வீசுமாயின், ஒரு வழிக்கு 45.6 நிமிஷம், மறு வழிக்கு 55.7 நிமிஷம், ஆக 101.3 நிமிஷம். ஒரு நிமிஷம் நட்டம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் அகப்பட்டுக் கிடக்கின்றது. துணைக்காற்றில் விரைவாய் வந்துவிடுவதால் அதன் உதவியைச் சிறிது நேரமே பெறுகின்றது. ஆற்றில் எதிர் நீந்தியும் ஒழுக்கோடு நீந்தியும் பழகியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காற்றின் வேகம் எவ்வளவாயினும் இவ்விதி மாறாது என்பதை மாணவர் தாமே இயற்கணிதத்தால் நிறுவிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சேர்ந்து, தரையை விட்டு எழுந்தது முதல் தரையைத் தொடுவது வரையில் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். ஆயின் விமானக் கம்பெனியார் அட்டவணையில் ஒன்றேகால் மணி, சிலபோது ஒன்றரை மணி என்று அச்சிடுகின்றனர். இதிற் பொய்யில்லை. அவர்கள் நேரம் அளப்பது சக்கரத்தினின்று முட்டுக்கட்டையை எடுக்கும் கணத்திலிருந்து, மறுபடியும் முட்டுக்கட்டை இடும் கணம் வரையில். தேரோட்டம் பார்த்தவர்க்கு முட்டுக்கட்டையின் வேலை தெரியும். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கும் அவ்வாறே கட்டையிட்டு வைக்கின்றனர். கட்டை எடுத்த பிறகு ஓடுபாதையின் தலைப்புக்கு ஊர்ந்து போதலும், முன்னுள்ள விமானங்களின் பின்னே முறைக்குக் காத்து நிற்றலும், இறங்கிய பின் மீண்டும் ஊர்ந்து வருதலும் அதனுள் அடங்கும்.

விமானம் வேகமுடையது; அதற்கு உதவும் ஏனையவை அவ்வேகத்தை உடையன அல்ல. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தபோது, வழியில் ஆமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல் டின்கள் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் அத்தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மணிக்கு நூறு மைல் பறக்கும் யந்திரத்துக்கும் மாட்டின் நடை ஒரு வகையில் எல்லை வகுத்தது.

இனி அம்பலகாரரிடம் வருவோம். மாணவர் பிற்பாடு அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டபோது அம்முதியவர் சொல்லியது, நான் வகுப்பிற் சொல்லும் பாடத்தினும் தெளிவாக இருந்தது. "அழகர் கோயிலிலிருந்து ஆற்றுக்கு நான் நாலு மணியில் நடந்துவிடுவேன். அழகர் எத்தனை நேரத்தில் வருகிறார்? யாராவது மைலைக் கேட்டுச் சொல்வார்களா தம்பி? எத்தனை மண்டகப்படி என்றல்லவா கேட்போம்!" என்றாராம்.

அவர் சொல்லியதை எண்ணால் எழுதிப் பார்த்தேன். அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஒரு நாள் மாலையிற் கோயிலை விட்டுப் புறப்பட்டு, மறுநாள் மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, இரவு தல்லாகுளத்தில் தங்கி, மூன்றாம் நாட் காலையில் ஆற்றில் இறங்குகின்றார். ஏறத்தாழ 36 மணி நேரம். போகவும் மீளவும் வழியில் நானூற்றுக்கு மேற்பட்ட மண்டகப்படிகள். சராசரி வேகம் மணிக்கு அரை கிலோமீட்டருக்குச் சிறிதே அதிகம். ஆயினும் ஆற்றில் இறங்கும் வேளை முன்னரே குறிக்கப்பெற்று, இலட்சக்கணக்கான மக்கள் அவ்வேளைக்கு வந்து கூடுகின்றனர். தூரத்தை வேகத்தால் வகுத்து அவ்வேளையைக் குறித்தவர் எவரும் இலர். நிற்கும் இடங்களைக் கூட்டியே குறிக்கின்றனர். விமானப் பிரயாணத்தையும் அவ்வாறே கணக்கிட வேண்டும். பறக்கும் நேரம் அதில் ஒரு மண்டகப்படி, அவ்வளவே.

அண்ணன் வந்த வழியை இம்முறையில் எழுதினோம். ஐந்து மணிக்கு வீடு. ஆறு மணிக்கு மீனம்பாக்கம். அவர் ஆறு மணிக்குச் சென்றாரென்று விமானம் ஆறரைக்குப் புறப்படாது. இடம் கிடைத்த விமானத்துக்குக் குறித்த நேரம் ஏழே முக்கால். பிரயாணிகளின் பதிவை ஒரு மணிக்கு முன்னரே முடித்துவிடுவது வழக்கம். பிறகு சோதனை, வரிசை. ஒன்பதுக்கு மதுரையில் முட்டுக்கட்டை. பெட்டி வந்து, வண்டி பிடித்துப் புறப்பட ஒன்பது இருபத்தைந்து. காலை நெரிசலில் நகரைச் சுற்றி வடக்கே 35 கிலோமீட்டர் வர எழுபது நிமிஷம். பத்து முப்பத்தைந்து. எதிர்பாராத இடையூறு ஒன்றும் அன்று நேரவில்லை என்பதைக் கவனிக்க. விமானம் குறித்த நேரத்திலேயே வந்தது. மொத்தம் 5 மணி 35 நிமிஷம். அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் வரையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரையும் சேர்த்து முழுத் தூரம் 473 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர்! எழும்பூரிலிருந்து 490 கிலோமீட்டரளவு தூரத்தை ஏழு எட்டு மணியில் கடக்கும் பகல் ரயிலைக் காட்டிலும் இது விரைவுதான். ஆயினும் 800 எங்கே, 85 எங்கே?

இன்னொன்றை மாணவர் தாமே படத்தில் கோடிட்டுக் கண்டார். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை நிலையத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினால், அந்நூல் அழகர்கோவிலுக்குக் கிழக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில், அவருடைய ஊருக்கு மேலாகவே செல்லும். விமானம் அந்நூலின் வழியே வந்திருக்குமாயின், அண்ணனும் அச்சிறுமியும் ஒன்பது மணிக்குச் சில நிமிஷம் முன்னே வீட்டின் தலைக்கு மேலே இருந்திருப்பர். அங்கிருந்து நிலையம் 30 கிலோமீட்டர். விமானத்துக்கு நாலைந்து நிமிஷ வழி. அந்த நாலைந்து நிமிஷத்தைத் தரையில் திரும்பி வருவதற்குத்தான் எழுபது நிமிஷமாயிற்று. இதைக் கண்டபின் அவர் நெடுநேரம் பேசவில்லை.

மதுரைக்குச் சென்னையை விடக் கொழும்பு அண்மையில் இருக்கின்றது என்பதையும், இக்கணக்கைப் போடத் தொடங்கிய கையோடு, அவர் கண்டுபிடித்தார். கட்டுநாயக்க விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 355 கிலோமீட்டரே. 2012-இல் மதுரையிலிருந்து அங்கே நேர் விமானம் முதன்முதல் சென்றது. தூரம் குறைவு, நேரமோ அதிகம். கடவுச்சீட்டுச் சோதனையும் சுங்கச் சோதனையும் இரு கரையிலும் உண்டு. தூரத்தால் மட்டும் நேரம் அமையுமாயின், கொழும்பிலிருப்பவர் சென்னையிலிருப்பவருக்கு முன்னே வீடு வந்து சேர வேண்டுமன்றோ?

அவர் தாளின் அடியில் நான் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தது ஒரு விடையன்று; மூன்று விடைகள். எல்லாம் நலமாக அமைந்தால் பத்து மணி. வழக்கம்போல் நடந்தால் பத்தரை. பனிமூட்டமோ மழையோ விமானத்தைத் தாமதித்தால் பகல் பன்னிரண்டு. அம்பலகாரர் கேட்டபோது இம்மூன்றையும் சொல்லியிருந்தால் அவர் பிற்பகல் ஒரு மணியையே குறித்திருப்பார். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் நீளத்தை அளக்கும்போதுகூட, இவ்வளவுக்கு மேலோ கீழோ இருக்கலாம் என்று எழுதப் பழக்குகின்றோம். மனிதர் வரவைக் கணிக்கும்போது அதை எழுதாது விடுகின்றோம்.

மறு வருஷம் தலைத்திதிக்கு அண்ணனை வருவிக்கும் பொறுப்பு மறுபடியும் அவருக்கே வந்தது. அவர் விமான அட்டவணையைப் பாராமலே, முதல் நாள் இரவு எழும்பூரில் ரயில் ஏறும்படி எழுதிவிட்டார். விடியலில் மதுரையில் இறங்கி, முதல் பஸ் பிடித்து, ஐயர் வருவதற்கு ஒரு மணி முன்னரே மூவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தனராம்.